படிப்புக் கட்டு

முக்கூடலுக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் இருக்கும் இடைச்செங்குளத்தில் இறங்கிப் பொன்செல்வி வீடு எது என்று கேட்டால், "எந்தப் பொன்செல்வி, வாய்க்காரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். தயங்காமல் ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவளே அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாள். வாய் இருந்ததால்தான் பிழைத்துக் கிடக்கிறேன் என்பாள். அது முழுக்க உண்மை என்று சொல்ல முடியாது. வாயால் அவள் இழந்ததும் நிறைய உண்டு.

அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. அப்பா வயல் வேலைக்குப் போனவர், அம்மா பீடி சுற்றினவள். அந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சமையலைப் பற்றி அப்புறம்தான் கேட்பார்கள். பெண் பீடி சுற்றுமா என்பதுதான் முதல் கேள்வி. பொன்செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை அளவாக வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, தலையை மடக்கி, நூல் கட்டிப் பழகினாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் சமூக அறிவியலில் தொண்ணூற்றொன்று வாங்கினாள். கணக்கில் இருபத்தாறு. அத்தோடு படிப்பு நின்றது. கணக்கில் தோற்றவளிடமிருந்து சரித்திரத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, அப்போது வாய் அவ்வளவாக முளைத்திருக்கவில்லை.

கல்யாணமாகி இடைச்செங்குளத்துக்கு வந்தாள். புருஷன் இசக்கிமுருகன் அம்பாசமுத்திரம் சந்தையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவன், ஆகவே வீட்டில் சண்டைக்கு ஆளில்லை. ஒரே மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி அரசு வேலைக்கான தேர்வுகளுக்குப் படிக்கிறாள். அவள் போன வருஷம் ஊருக்கு வந்தபோது, இது பழைய பதிப்பு, இனி ஆகாது என்று சொல்லி செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தை அலமாரி மேல் போட்டுவிட்டுப் போனாள். உலக வரலாறு. பழைய பதிப்பு என்றால் என்ன அர்த்தம், நெப்போலியன் இதற்கிடையில் ஜெயித்துவிட்டானா என்று பொன்செல்வி கேட்டாள்.

இடைச்செங்குளத்துப் பெண்கள் பகலில் இசக்கியம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் கூடி உட்கார்ந்துதான் பீடி சுற்றுவார்கள். யாரோ நேர்ந்துகொண்டு மாட்டிய மின்விசிறி இரண்டு அங்கே ஓடும். பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு கைப்பேசி. ஒருத்தி போனில் நாடகம், இன்னொருத்தி போனில் பக்திப் பாட்டு, மூன்றாவது போனில் எவனோ மூட்டுவலிக்கு மருந்து சொல்லுவான். ஐப்பசி மழையில் ஒருநாள் சிக்னல் போயிற்று, அன்று முழுக்க வரவில்லை. கொட்டகையில் அமைதி தாங்க முடியவில்லை. பொன்செல்வி வீட்டுக்குப் போய் அந்தச் செங்கலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று தெரியாமல் விரித்த இடத்தில் ஆரம்பித்தாள். கொலம்பஸின் ஆட்கள் கரையேறிய இடத்தில், அங்கிருந்த மக்கள் ஏதோ ஓர் இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகை விடுவதைப் பார்த்து மலைத்துப் போனார்கள் என்று இருந்தது. அதுதான் புகையிலை. அதைப் போர்த்துக்கீசியர் கப்பலில் ஏற்றி நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கொட்டகையில் எல்லோர் கையும் நின்றது. தங்கள் மடியில் கிடக்கும் தூளை முதல் தடவை பார்ப்பதைப் போலப் பார்த்தார்கள். இவர்களில் மூத்தவளான இசக்கிக்கு அறுபது தாண்டிவிட்டது, எழுத்து வாசனை கிடையாது. அவள் தூளை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்துவிட்டு, இது நம்ம கரிசல் காட்டில் விளைந்தது என்றல்லவா நினைத்திருந்தேன், இந்த மூதேவி கடல் தாண்டியா வந்தது என்றாள்.

மறுநாள் சிக்னல் வந்துவிட்டது. ஆனாலும் யாரும் போனைத் தொடவில்லை, புத்தகம் எங்கே என்றார்கள். பொன்செல்விக்குத்தான் சிக்கல். புத்தகத்தைப் பிடித்தால் கை பீடியில் போகாது. வாசித்துக்கொண்டே இருந்தால் சாயங்காலம் பீடிக்கடைக்கு எதைக் கொண்டுபோவது? இதற்கு வழி சொன்னவள் அவளுக்கு நேர் எதிரே உட்காரும் பேச்சி. ஆளுக்கொரு கட்டு பொன்செல்வி தட்டில் போட்டுவிடுவோம் என்றாள். அதற்கு ஒரு பெயரும் அவளே வைத்தாள்: படிப்புக் கட்டு. கோயிலுக்குக் காணிக்கை போடுகிற மாதிரி அன்றிலிருந்து மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருத்தியும் ஒரு கட்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

இப்படியாக இடைச்செங்குளம் உலகத்தைச் சுற்றத் தொடங்கியது. உவரியிலிருந்து மீன் கொண்டுவரும் வேதநாயகம் வண்டியை நிறுத்திவிட்டு அவனும் கொஞ்ச நேரம் கேட்பான். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியன் வார்த்தைகள், எங்கள் கடற்கரையில் இறங்கித்தான் உங்களுக்கு வந்தது என்று அவன் தன் பங்குக்கு ஒரு சரக்கை இறக்கினான். கொட்டகையில் இளையவள் சபீதா, கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. அப்படியென்றால் அவன் வருவதற்கு முன்னால் நாம் வீட்டைப் பூட்டாமலா இருந்தோம் என்று அவள் கேட்டதும் வேதநாயகம் மீனை நிறுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

செங்கல் தீர்ந்ததும் பொன்செல்வி அம்பாசமுத்திரம் நூலகத்தில் உறுப்பினரானாள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தது. இந்த மன்னன் கோட்டை கட்டினான், அந்தத் தளபதி நாட்டைப் பிடித்தான், இன்ன ஊர்க்காரன் ஆலை வைத்தான், உலகமே மாறிப்போனது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையால் வேலை செய்கிற பெண்கள். அவர்களுக்கு உடனே எழுந்த சந்தேகம், ஒரே ஆள் எப்படி இவ்வளவையும் செய்தான் என்பதுதான். ஆற்றின் கீழ்ப்பக்கம் சிவகளையில் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய இரும்பு கிடைத்திருக்கிறது என்று செய்தித்தாளில் வந்ததைப் படித்தபோதும் ஊர் முழுக்கப் பெருமைப்பட்டது. இசக்கி மட்டும், உலைக்குத் துருத்தி ஊதின கை எப்படிக் காய்த்துப் போயிருக்கும் என்று தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டாள்.

மான்செஸ்டர் பஞ்சாலைகளைப் பற்றிப் படித்த அன்று பேச்சி தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். பாபநாசத்து மலையடியில் அருவித் தண்ணீரை வைத்து வெள்ளைக்காரன் நடத்திய நூல் ஆலையில் அவர் வேலை பார்த்தவர். காது கேட்காமலேயே செத்தவர். காது போனது ஆலைச் சத்தத்தால் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அதுவரை அது அவர் தலையெழுத்து என்று நினைத்திருந்தாள். பொன்செல்வி அன்றைக்கு அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டாள்.

பிரச்சினை எகிப்திலிருந்து வந்தது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே மன்னர்களுக்குக் கல்லறை கட்டின ஆட்களுக்குக் கூலித் தானியம் ஒழுங்காக வரவில்லை. அவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தானியம் வந்த பிறகுதான் எழுந்தார்கள். இந்தப் பக்கத்தை இசக்கி மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அன்று சாயங்காலம் பீடிக்கடையில், இலையைத் தராசில் வைக்கப்போன ஐயம்பெருமாள் அண்ணாச்சியிடம், இலையை உதறிவிட்டு நிறுங்கள், பாதித் தண்ணீராக இருக்கிறது என்றாள்.

ஐயம்பெருமாள் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனிக்காக ஊரில் இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கித் தரம் பார்த்து அனுப்புகிறவர். சாவு வீட்டுக்கு முதல் ஆளாய் வருவார். ஆனால் இலை உடையாமல் இருக்கத் தெளிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகத் தெளிப்பார். எடை கூடும், இலை குறையும், கொடுக்க வேண்டிய பீடிக் கணக்கு மட்டும் குறையாது. குறைகிற இலையைப் பெண்கள் வெளியே வாங்கி ஈடுகட்டுவார்கள். வருஷக்கணக்கில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. வாய் திறந்தவள் இசக்கியாக இருந்தாலும், அந்த வாய்க்குள் இருந்த பேச்சு யாருடையது என்று அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். கொட்டகையில் சரித்திரம் படிக்கிறார்களாம்! அவருக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

படிக்காதே என்று நேராகச் சொன்னால் ஊர் சிரிக்கும். அதற்கு அவருக்கு வேறு வழி கிடைத்தது. இருபது வருஷமாகத் தரம் பார்க்கிறவருக்கு ஒவ்வொருத்தியின் கையும் தெரியும். பீடியிலும் கையெழுத்து உண்டு. இசக்கி நூலைக் கொஞ்சம் கீழே தள்ளிக் கட்டுவாள். பேச்சி தலையை ஆழமாக மடக்குவாள். சபீதா புதிது, அவள் பீடி லேசாகத் தொளதொளக்கும். பொன்செல்வியின் பீடி அவளைப் போலவே விறைப்பாக இருக்கும். படிப்புக் கட்டு என்று வாங்கிக்கொண்ட நேரத்தில், எல்லார் கையும் தன் தட்டில் கிடக்கிறதே என்று வாய்க்காரிக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் எல்லோரும் நிற்கும்போது அவர் பொன்செல்வியின் கட்டுகளைப் பிரித்து மேசையில் பரப்பினார். இதில் உன் கை எங்கே இருக்கிறது என்று கேட்டார். இலை வாங்குவதற்குக் கம்பெனி கொடுத்த அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவளேதான் சுற்ற வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை அங்கேயே முடிந்திருக்கும். மகள் வந்து சுற்றினாள் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

"என் கை இல்ல அண்ணாச்சி. நான் படிச்சேன், அவ்வோ சுத்துனாவ."

ஐயம்பெருமாள் பீடிகளைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி முறித்தார். கழிவு என்று ஓரத்தில் தள்ளினார். பெண்கள் தங்கள் கையால் சுற்றிய பீடி நொறுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளையிலிருந்து பொன்செல்விக்கு இலை கிடையாது என்றார். மற்றவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து சுற்றட்டும், கொட்டகையும் வேண்டாம் படிப்பும் வேண்டாம், ஒழுங்காக இருந்தால் ஒரு மாதம் கழித்து அவளைப் பற்றி யோசிக்கலாம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பொன்செல்விக்குத் தாங்கவில்லை.

அவர் சட்டைப்பையில் அதே கம்பெனி பீடிக்கட்டு ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அதன் லேபிளில் தலைப்பாகையும் சந்தனப் பொட்டுமாக ஒருவர் படம்.

"அந்தப் படத்துல இருக்கது யாரு அண்ணாச்சி?"

அவர் குனிந்து பார்த்தார். "ஏன், உனக்குத் தெரியாதாக்கும்? தாணுமாலையன் ஐயா. கம்பெனிய உண்டாக்குனவுக."

"அவுக எத்தன பீடி சுத்தியிருப்பாவ?"

அவர் பீடிக்கட்டைச் சட்டைப்பைக்குள் அழுத்திவிட்டார்.

"ஒரு பீடியும் சுத்தாதவுக மொகம் அம்புட்டுக் கட்டுலயும் இருக்கு. அத நீங்க ஒருநாளும் முறிச்சதில்ல. நாலு பேரு சுத்துனத நாலு பேரு சுத்துனதுன்னு சொன்னேன், அத முறிச்சுட்டீய."

சொல்லிவிட்டு வெறும் பையோடு வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதாள். பயத்தில்தான் அழுதாள், அதை மறைப்பானேன்? அந்த அட்டை அவள் கல்யாணமான வருஷம் போட்டது. வைப்பு நிதி, பிற்காலத்துப் பென்ஷன் எல்லாம் அதில்தான். மகளின் விடுதிச் செலவும் அந்தத் தட்டிலிருந்துதான் போகிறது. இசக்கிமுருகன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அண்ணாச்சியை நான் போய்ப் பார்க்கட்டுமா என்றான். அவனுக்கு அது நீண்ட பேச்சு. வேண்டாம் என்றாள். ஆனால் படுக்கும்போது படிப்பை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். தன் வாய்க்குத் தான் கூலி கொடுக்கலாம், பேச்சியும் சபீதாவும் ஏன் கொடுக்க வேண்டும்?

மறுநாள் காலையில் அதைச் சொல்லத்தான் கொட்டகைக்குப் போனாள். ஒருத்தியும் வீட்டில் உட்காரவில்லை. எல்லோரும் வந்திருந்தார்கள். புத்தகத்தை எடுத்து வரவில்லை, இனிமேல் அவரவர் வீட்டில் சுற்றுங்கள் என்றாள். இசக்கி காதில் விழாத மாதிரி தன் இலையிலிருந்து பாதியை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். புத்தகம் இல்லாவிட்டால் என்ன, நேற்று விட்ட இடத்திலிருந்து வாயால் சொல் என்றாள். பொன்செல்வி அடுத்தவர்கள் இலையில், அடுத்தவர்கள் தூளில் சுற்றிக்கொண்டே பிரெஞ்சுக்காரர்கள் சிறைக்கோட்டையை உடைத்த கதையைச் சொன்னாள். தேதிகளை மறந்துபோனாள். யாரும் தேதி கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், வழக்கம்போலக் கட்டு வைக்கிற நேரத்தில், பேச்சி எழுந்து தன் தட்டை நடுப்பாயில் அப்படியே கவிழ்த்தாள். இசக்கி கவிழ்த்தாள். ஒவ்வொரு தட்டாகக் கவிழ்ந்தது. பொன்செல்விக்குப் புரிந்தபோது பதறிப்போனாள். உங்கள் அட்டையும் போய்விடும், பைத்தியக்காரிகளா என்று குவியலைப் பிரிக்கப் பார்த்தாள். பிரிக்க முடியாது என்று அவளுக்கே தெரியும். கடைசியாக மிச்சமிருந்தது சபீதாவின் தட்டு. அவள் மாமியார் பொல்லாதவள், இலை நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். நீ வேண்டாம் என்று இசக்கியே சொல்லிவிட்டாள். சபீதா கொஞ்ச நேரம் தட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் கொட்டினாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குவியலைக் கையால் அளைந்து கலந்து புதிதாகக் கட்டுப் போட்டார்கள்.

சாயங்காலம் கடை வாசலில் திருநெல்வேலியிலிருந்து வந்த கம்பெனி வேன் நின்றது. சரக்கு ஏற்ற நேரமாகிறது என்று டிரைவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். ஐயம்பெருமாள் முதலில் இசக்கியின் கட்டைப் பிரித்தார். கீழே தள்ளிக் கட்டிய நூல், ஆழ மடக்கிய தலை, தொளதொள பீடி, விறைப்பான பீடி, எல்லாம் அதிலேயே கிடந்தன. பேச்சியின் கட்டைப் பிரித்தார், அதிலும் அதேதான். சபீதாவுடையதைப் பிரித்தபோது அவர் விரல் மெதுவாகிவிட்டது. முறிப்பதென்றால் மொத்தத்தையும் முறிக்க வேண்டும். வேன் காலியாகப் போகும், கம்பெனி அவரைக் கூப்பிட்டுக் கேட்கும்.

"இதுல பொன்செல்வி கை எது?" என்று கேட்டார்.

"தெரியலயே அண்ணாச்சி," என்றாள் இசக்கி. "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவர் ஒரு பீடியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு ஒவ்வொரு கட்டாக எண்ணி வேனுக்குப் போகிற பெட்டியில் போட ஆரம்பித்தார். ஒன்றையும் கழிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு யாரையும் பார்க்காமல், பொன்செல்வி திங்கட்கிழமை வந்து இலை வாங்கிக்கொள்ளட்டும் என்றார்.

பொன்செல்வி வாசலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து பையை மேசையில் வைத்தாள்.

"திங்கக்கெழம வேண்டாம் அண்ணாச்சி. இன்னைக்கே குடுங்க. தண்ணிய ஒதறிட்டு நிறுங்க."

பீடி கொடுத்து முடித்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம். ஒருத்தியும் நகரவில்லை. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். ஐயம்பெருமாள் எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். இலைக்கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், தெரு பார்க்க உதறினார்.